வீட்டுக் கணக்கு: பிள்ளை கேட்கும் கேமிங் கம்ப்யூட்டர்



ஓசூரில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை வந்த 1980களில், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பரீட்சையில் தேறினால் கைக்கடிகாரம் கேட்பார்கள். அதற்கப்புறம் பைக் கேட்டார்கள், செல்போன் கேட்டார்கள். இப்போது கேட்பது கேமிங் கம்ப்யூட்டர்! அதுவும் கடையில் முழுசாக வாங்குவதில்லையாம். தனித்தனி பாகமாக வாங்கிச் சேர்ப்பதாம். பிராசஸர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு என்று பிள்ளை அடுக்கிக்கொண்டே போக, நாம் "அப்பாகிட்ட கேளுடா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறோம்.

அப்படிப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இந்த இதழில் இதை எடுத்துக்கொண்டேன். செலவாகப் போவது நம் வீட்டுப் பணம். பெரும்பாலும் நாம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். அது சரியான இடத்தில் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது நம் பொறுப்புதானே?

நான் ஒன்றும் இன்ஜினீயர் இல்லை. ஓசூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சில வருஷம் சர்க்யூட் போர்டுக்கு ஈயம் பற்றவைக்கிற வேலை பார்த்தவள், அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயம் தெரியும். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிற கைக்கு இந்தச் சாமானும் பிடிபட்டுவிடும்.

ஒரு பட்டியலைப் பார்ப்போம்

எங்கள் குருபரப்பள்ளியில், நான் குடியிருக்கும் தெருவிலேயே ஒரு தாய். கணவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. ஏலச்சீட்டு எடுத்து 45,000 ரூபாய் கைக்கு வந்திருந்தது. பாலிடெக்னிக்கில் படிக்கிற மகன் ஒரு கடையில் பட்டியல் எழுதி வாங்கி வந்துவிட்டான். மொத்தம் 44,000.

"அக்கா, கம்மல் அடகுல இருக்கு. ஆனா பையன் ஒரு வருஷமா கேட்டுட்டே இருக்கான். இது சரியான விலைதானா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

பார்த்தேன். 'ஐ7 பிராசஸர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. '4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு' என்று இருந்தது. ஏழு கலர் விளக்கு எரியும் கண்ணாடி கேபினெட், அதோடு '500 வாட் எஸ்எம்பிஎஸ்' இனாம். ஒரு மானிட்டர். ஒரு கேமிங் நாற்காலி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நுனியை ஒடித்துப் பார்த்தால்தானே முற்றலா, பிஞ்சா என்று தெரியும்!

ஐ7 என்பதற்குப் பின்னால் இருக்கும் நம்பரைக் கேட்டு வரச் சொன்னேன். 2600 என்றார்கள். சகோதரிகளே, இதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ரகத்தின் பெயர். அதற்கு அடுத்து வரும் நம்பரில்தான் வயது இருக்கிறது. 2600 என்றால் இரண்டாம் தலைமுறை. 2011ஆம் வருஷத்துச் சரக்கு. 8400 என்றால் எட்டாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, அது 2022இல் வந்தது. பத்து வருஷம் பழசான ஐ7ஐவிடப் புது ஐ3 வேகமாக ஓடும். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றியதைத் துடைத்து, விளக்குப் போட்ட பெட்டியில் வைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

இன்னொன்று. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். பையன் ஆட ஆசைப்பட்டதோ வாலரன்ட் என்கிற ஆட்டம். விண்டோஸ் 11இல் அந்த ஆட்டம் ஓடவேண்டுமானால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி மெஷினில் இருக்கவேண்டும். அந்தப் பழைய சாமானில் அது இல்லை. அதாவது எந்த ஆட்டத்துக்காக வாங்குகிறோமோ அந்த ஆட்டமே தகராறு!

4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு என்ன ரகம் என்று கேட்டால், ஜிடி 730. அது 2014இல் வந்த சின்னக் கார்டு. 4 ஜிபி என்பது பாத்திரத்தின் கொள்ளளவு; அடுப்பின் வேகம் அல்ல. மெல்லிய தீயில் அண்டாவை ஏற்றினால் சாதம் வெந்துவிடுமா?

எது என்ன வேலை செய்கிறது?

நம் சமையலறையை வைத்தே சொல்லிவிடுகிறேன். மதர்போர்டு என்பது சமையல்கட்டு. பிராசஸர், சமைக்கிறவள். ராம் என்பது சமையல் மேடை. மேடை பெரிதாக இருந்தால் நாலு பாத்திரத்தைப் பரப்பி வைத்து வேலை செய்யலாம். சின்னதாக இருந்தால் எடுத்து வைப்பதிலேயே நேரம் போய்விடும். எஸ்எஸ்டி என்பது ஸ்டோர் ரூம்.

கிராபிக்ஸ் கார்டு? அதுதான் பந்தியில் பரிமாறும் ஆட்கள். ஒரு சாதாரண மானிட்டரில் குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080 புள்ளி; மொத்தம் 20 லட்சத்துக்கு மேல். ஆட்டம் தடங்கல் இல்லாமல் தெரிய விநாடிக்கு 60 படமாவது வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு விநாடியும் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணக்குப் போடவேண்டும். ஒரு சமையல்காரி எத்தனை கெட்டிக்காரியாக இருந்தாலும் ஒரே சமயத்தில் நூறு இலைக்குப் பரிமாற முடியுமா? அதற்குத் தனிக் கூட்டம் வேண்டும். அதனால்தான் கேமிங் கம்ப்யூட்டரில் பெரும் செலவு கிராபிக்ஸ் கார்டுக்கே போகிறது. நூறு ரூபாய் பட்ஜெட்டில் முப்பத்தைந்து, நாற்பது ரூபாய் அதற்கே போனாலும் தப்பில்லை.

அவ்வளவு பணம் இப்போது இல்லையா? அதற்கும் வழி இருக்கிறது. சில பிராசஸர்களில் கிராபிக்ஸும் சேர்ந்தே வருகிறது. ஏஎம்டி கம்பெனியின் ரைஸன் 5 5600ஜி அப்படிப்பட்டது, 2021இல் வந்தது. வாலரன்ட், மைன்கிராஃப்ட் மாதிரி ஆட்டங்கள் இதில் தனிக் கார்டு இல்லாமலே நன்றாக ஓடும். மேலே சொன்ன ஜிடி 730ஐவிட இதற்குள் இருக்கும் கிராபிக்ஸே வேகம்! படிப்பு, புரோகிராம் எழுதுவது, படம் வரைவது எல்லாவற்றுக்கும் தாங்கும். புதிதாக வரும் பெரிய ஆட்டங்களுக்குப் போதாது, வாஸ்தவம்தான். அதற்குப் பிற்பாடு பணம் சேர்த்துக் கார்டு வாங்கிச் செருகிக்கொள்ளலாம். இப்போதைக்கு அதற்கு இடம் விட்டு வைத்தால் போதும்.

இன்டெல் பிராசஸர் வாங்குகிறவர்கள் நம்பரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. விலை கொஞ்சம் குறைவு என்று வாங்கிவிட்டால், தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றுமே தெரியாது.

ராம் வாங்கும்போது ஒரு சூட்சுமம். 16 ஜிபி வேண்டுமானால் 8 ஜிபியாக இரண்டு துண்டு வாங்குங்கள். இரண்டு துண்டு போட்டால் இரண்டு வழியில் தகவல் போய்வரும். தனிக் கார்டு இல்லாத கம்ப்யூட்டர், கிராபிக்ஸுக்கும் இந்த ராமிலிருந்துதான் கடன் வாங்குகிறது. அதனால் அங்கே ஒற்றைத் துண்டு போட்டால் ஆட்டம் நன்றாகவே தடுமாறும்.

கண்ணுக்குத் தெரியாத பெட்டி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கேபினெட்டோடு இனாமாக வந்ததே, அந்த எஸ்எம்பிஎஸ், பவர் சப்ளை, அதில்தான் முக்கால்வாசிப் பேர் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். விளக்கு எரியாது, படம் காட்டாது, பின்னால் மூலையில் உட்கார்ந்திருக்கும். அதை யார் சட்டை செய்கிறார்கள்!

ஆனால் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று இறக்கி, ஏறாமல் இறங்காமல் எல்லாப் பாகத்துக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். அது கெட்டால் தனியாகக் கெடாது. சில சமயம் மதர்போர்டையும் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கேஸ் அடுப்பு விலை உயர்ந்ததாக வாங்கிவிட்டு, ரப்பர் குழாயைத் தெருவோரத்தில் மலிவாக வாங்குவோமா?

பவர் சப்ளை செய்வது லேசான தொழில் இல்லை என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். குருபரப்பள்ளி சிப்காட்டில் டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை இருக்கிறது. தைவானில் 1971இல் டெலிவிஷன் பாகங்கள் செய்யத் தொடங்கிய கம்பெனி அது. இன்று பவர் சப்ளை என்றால் உலகமெங்கும் அதன் பெயரைச் சொல்கிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் எத்தனையோ பெண்கள் இந்த மாதிரி ஆலைகளுக்குப் பஸ் ஏறிப் போகிறார்கள். அவர்களில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஒரு கெபாசிட்டர் மட்டமாகப் போட்டால் என்ன ஆகும் என்று வாய் வலிக்கச் சொல்வார்கள்.

ஆகவே பவர் சப்ளையை நல்ல கம்பெனியாக, தனியாக விலை கேட்டு வாங்குங்கள். 80 பிளஸ் என்ற முத்திரை இருக்கட்டும். சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தைச் சூடாக்கி வீணாக்காமல் உபயோகப்படுத்துகிறதா என்பதற்கு அது அடையாளம். மூன்று வருஷத்துக்குக் குறையாத வாரண்டி இருக்கட்டும். கையில் தூக்கிப் பாருங்கள். 500 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி காலி டப்பா மாதிரி கனமே இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அதே சமயம் 750, 850 வாட் என்று கடைக்காரர் தலையில் கட்டினால் அதுவும் வேண்டாம். கணக்குப் போடுங்கள். 5600ஜி பிராசஸர் 65 வாட் ரகம். பின்னால் வாங்கப் போகும் கார்டு, உதாரணமாக ஆர்எக்ஸ் 6600 என்றால், 132 வாட். மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300ஐத் தொடாது. நல்ல 550 வாட் பெட்டி தாராளம்.

கரண்ட் பில்லும் கணக்கில் சேரும்

கரண்ட் பில்லைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு. தனிக் கார்டு இல்லாத கம்ப்யூட்டரும் திரையும் சேர்ந்து ஆட்டத்தின்போது ஏறக்குறைய 120 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் மூன்று மணி நேரம், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 22 யூனிட். கார்டு போட்டு, திரையோடு சேர்த்து 300 வாட் இழுத்தால் 54 யூனிட். நம் ஊரில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு முந்தின யூனிட்டுகளின் கட்டணமும் கூடிவிடும். ஏற்கெனவே 460, 470 வருகிற வீட்டில் இதைப் பிள்ளையிடமே சொல்லி, மீட்டரைக் குறிக்கச் சொல்லுங்கள். பொறுப்பும் வரும், கணக்கும் வரும்.

கோடை மழைக்கு வோல்டேஜ் ஆடும் ஊராக இருந்தால் சின்ன யூபிஎஸ் ஒன்று அவசியம். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கேபினெட்டுக்கு முன்பக்கம் கண்ணாடியைவிடக் கம்பி வலை நல்லது. காற்று உள்ளே போகவேண்டுமே! நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் தூசி அதிகம். மாதம் ஒரு தடவை வலையைக் கழற்றித் தட்டிவிட்டால் ஆயுசு கூடும்.

எங்கே வாங்குவது?

எங்கள் பக்கம் பிள்ளைகள் ஓசூர் தாண்டி, அத்திப்பள்ளி எல்லை தாண்டி, பெங்களூர் எஸ்.பி. ரோடுக்குப் போகிறார்கள். மெட்ராஸ்காரர்களுக்கு ரிச்சி தெரு. இரண்டிலும் பத்துக் கடை ஏறி இறங்கினால் விலை படியும். ஆனால் "பில் இல்லாம வாங்கினா குறைச்சுத் தரேம்மா" என்பார்கள். வேண்டவே வேண்டாம். பாகம் கெட்டால் கம்பெனி கேட்பது பில்லும், சாமானின் சீரியல் நம்பரும்தான். சீரியல் நம்பரைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பிராசஸரைச் சீல் உடைக்காத பெட்டியோடு வாங்குங்கள். பெட்டியில்லாமல் 'டிரே' என்று கொடுப்பதற்குக் கம்பெனியின் மூன்று வருஷ வாரண்டி இருக்காது.

ராம் விலையை முதலில் கேளுங்கள். 2025 கடைசியில் அது கிடுகிடுவென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போனதுதான் காரணம். தக்காளி மாதிரி இதுவும் ஏறி இறங்குகிற சரக்கு. ஒரு கடையில் வாங்கின விலைச்சீட்டு அடுத்த வாரம் செல்லாது.

பழைய சாமான் வாங்கலாமா? ராம் வாங்கலாம், ஒரு மாதமாவது மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்தால். பவர் சப்ளையும் எஸ்எஸ்டியும் பழசில் கூடாது. பழைய கிராபிக்ஸ் கார்டு என்றால் ஜாக்கிரதை. எதிரியம் என்கிற கிரிப்டோ பணத்தை உருவாக்குவதற்காக ராப்பகலாக ஓடின கார்டுகள் உண்டு. 2022 செப்டம்பரில் அந்த முறையே மாறி, கார்டுக்கு வேலையில்லாமல் போகவே, அவையெல்லாம் பழைய சந்தைக்கு வந்தன. கண்ணெதிரே அரை மணி நேரம் ஆட்டம் ஓட்டிக் காட்டாமல் வாங்காதீர்கள்.

முடிவு என்ன ஆயிற்று?

எங்கள் தெருப் பையனை உட்காரவைத்துப் பேசினேன். முதலில் முகம் வாடிவிட்டது. "லைட்டு இல்லாம கேமிங் பிசின்னு யார் சொல்வாங்க, பெரியம்மா?" என்றான். "கண்ணு, லைட்டைப் பார்க்கிறவன் ஆட வரமாட்டான். ஆடறவன் நீதான்" என்றேன். ஜிடி 730 விஷயத்தைச் சொன்னதும் தானே தேடிப் படித்துவிட்டு, மறுநாள் வேறு பட்டியலோடு வந்தான்.

5600ஜி, அதற்கேற்ற போர்டு, இரண்டு துண்டாக 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, நல்ல 550 வாட் பவர் சப்ளை, வலை வைத்த சாதாரண கேபினெட். போர்டு இந்தப் பிராசஸருக்கு ஏற்றதா, பயாஸ் புதுப்பிக்கவேண்டுமா என்று கடையிலேயே கேட்டுச் சரிபார்த்துக்கொண்டான். நாற்காலி இல்லை. மானிட்டரும் இல்லை, தற்சமயம் வீட்டு டிவியில் மாட்டிக்கொள்வது என்று முடிவு. 45,000க்குள்ளேயே அடங்கி, மீதியில் அந்தத் தாய் கம்மலின் வட்டியைக் கட்டினாள்.

டிவியில் மாட்டியதில் ஒரு லாபம். ஆட்டம் ஹாலில் நடக்கிறது. என்ன ஆடுகிறான், யாரோடு பேசுகிறான் என்பது வீட்டுக்குத் தெரிகிறது. பாட்டிக்கு சீரியல் நேரம் வந்தால் ஆட்டம் தானாக நின்றுவிடுகிறது! மானிட்டரும் கார்டும் அவனே பகுதிநேர வேலையில் சேர்த்து வாங்குவதாகச் சொல்லியிருக்கிறான். "இனிமே நான் எதுவும் கேக்கமாட்டேம்மா" என்றானாம். அந்த வார்த்தையை மட்டும் நம்பவேண்டாம் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உடம்பையும் பார்க்கவேண்டும் அல்லவா? பாதம் தரையில் படியும்படி எந்த நாற்காலியிலும் உட்காரலாம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம், இருபது அடி தூரத்தில் இருப்பதை இருபது விநாடி பார்க்கச் சொல்லுங்கள். படுக்கப்போகும் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் மெஷின் அணைந்துவிடவேண்டும். சாப்பாடு, தூக்கம், படிப்பு, சிநேகிதர்கள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பிள்ளை மாதக்கணக்கில் ஆட்டத்திலேயே கிடந்தால் அதட்டிப் பிரயோசனமில்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதுவும் ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

கத்தரித்து வைத்துக்கொள்ள

1. முதலில் என்ன ஆட்டம், என்ன படிப்பு என்று கேளுங்கள். பிறகுதான் பாகம்.
2. பிராசஸரின் முழு நம்பரைக் கேளுங்கள். வயது அதில் இருக்கிறது.
3. கிராபிக்ஸ் கார்டில் ஜிபியை மட்டும் பார்க்காதீர்கள். ரகத்தின் பெயரையும், வந்த வருஷத்தையும் பாருங்கள்.
4. ராம் இரண்டு துண்டாக.
5. பவர் சப்ளை தனியாக, நல்லதாக. இனாம் வேண்டாம்.
6. விளக்கு, கண்ணாடி, நாற்காலி எல்லாம் கடைசியில், காசு மிஞ்சினால்.
7. பில், சீரியல் நம்பர், வாரண்டி மூன்றும் ஒரே கவரில், பீரோவில். கடைக்காரர் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பிள்ளை பட்டியலோடு வந்து நிற்கும்போது, இனி "அப்பாகிட்ட கேளு" என்று சொல்லாதீர்கள். "நம்பரைச் சொல்லு, பார்க்கலாம்" என்று கேளுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.